காய்ச்சல், நாடி, மூச்சு: நோயாளியின் உயிர்நிலைக் குறிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவிலியர் பயிற்சிக்கு வரும் மாணவர்களும், வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உடல் வெப்பநிலைக்கே பாதிக்கு மேல் இடம் போய்விட்டது. தெர்மாமீட்டர் இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. அது காட்டும் எண்ணை வைத்து என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். அளவுகள் செல்சியஸில் இருக்கின்றன. தேவைப்படும் இடத்தில் ஃபாரன்ஹீட்டும் தந்திருக்கிறேன்.

‘வைட்டல்ஸ்’ என்று எவற்றைச் சொல்கிறோம்?

உடல் வெப்பநிலை, நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, இரத்த அழுத்தம். இந்த நான்கும்தான் பழைய பட்டியல். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வந்த பிறகு இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவும் சேர்ந்துகொண்டது. நோயாளி தெளிவாகப் பேசுகிறாரா, கூப்பிட்டால்தான் கண் திறக்கிறாரா என்ற நினைவுநிலையையும் இப்போது அதே சார்ட்டில் எழுதுகிறார்கள்.

1990-களில் அமெரிக்காவில் வலியையும் ‘ஐந்தாவது குறி’ என்று சேர்த்துப் பார்த்தார்கள். வலியின் எண்ணைக் குறைக்க வேண்டும் என்ற அவசரத்தில் அடிமையாக்கக்கூடிய ஓபியாய்டு வலி மருந்துகளை அள்ளிக் கொடுக்க அது வழிவிட்டது என்ற விமர்சனம் எழுந்தது. 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அந்தப் பட்டத்தைக் கைவிடச் சொன்னது. வலியைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். ஆனால் அது நோயாளி சொல்லித் தெரிவது. மற்றவை நாம் அளந்து தெரிந்துகொள்பவை.

ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20, இரத்த அழுத்தம் 120/80-ஐ ஒட்டி, ஆக்சிஜன் செறிவு 95 சதவீதத்துக்கு மேல். வாயில் பார்த்த வெப்பநிலை ஏறக்குறைய 36.1 முதல் 37.2 வரை. தினமும் ஓடிப் பழகியவருக்கு நாடி 50 இருந்தாலும் அது அவருக்கு இயல்புதான். இந்த எண்களை மனப்பாடம் செய்வது எளிது. எதிரே படுத்திருப்பவருக்கு நேற்று என்ன இருந்தது என்று சார்ட்டைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் வரத்தான் கொஞ்சம் நாளாகும்.

37 டிகிரிதான் இயல்பு என்று யார் முடிவு செய்தது?

கார்ல் வுண்டர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவர். ஏறக்குறைய 25,000 நோயாளிகளுக்கு அக்குளில் எடுத்த லட்சக்கணக்கான அளவுகளை வைத்து 1868-இல் ஒரு நூல் வெளியிட்டார். 37 என்ற எண் அங்கிருந்துதான் பரவியது. அவர் காலத்துத் தெர்மாமீட்டர்கள் நீளமானவை. ஒருமுறை அளக்கவே கால் மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அவர் பயன்படுத்தியதாகக் கருதப்படும் ஒரு கருவியைப் பின்னாளில் சோதித்தபோது, அது உண்மையான வெப்பத்தைவிடக் கூடுதலாகக் காட்டியது தெரிந்தது. 1992-இல் மேரிலாண்டில் ஆரோக்கியமான பெரியவர்களை வைத்து நடந்த ஆய்வில், வாயில் எடுத்த சராசரி 36.8 என்று வந்தது.

98.6 என்ற எண்ணில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 37 என்பது முழு எண்ணாக்கிச் சொன்ன தோராயம். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியதும் ஒரு தசமப் புள்ளி ஒட்டிக்கொண்டது. அந்தப் புள்ளியைப் பார்த்து, ஏதோ மிகத் துல்லியமாக அளந்து சொன்ன எண் போலிருக்கிறது என்று எல்லோரும் நம்பிவிட்டோம்.

காலையில் இயல்பாக இருந்தது, மாலையில் கூடியிருக்கிறது. காய்ச்சலா?

உடனே அப்படிச் சொல்லிவிட முடியாது. உடல் வெப்பநிலை விடியற்காலை 4 முதல் 6 மணிக்குள் மிகக் குறைவாகவும், மாலை 4 முதல் 6 மணிக்குள் மிக அதிகமாகவும் இருக்கும். இடையே அரை டிகிரி வித்தியாசம் சாதாரணம். பெண்களுக்குக் கருமுட்டை வெளிவந்த பின் மாதவிடாய் வரும் வரை 0.3 முதல் 0.5 டிகிரி கூடியிருக்கும். ஆகவே மாலை ஐந்து மணிக்கு 37.5 என்றால் பொறுத்திருந்து மறுபடி பார்க்கலாம். அதே 37.5 விடியற்காலை ஐந்து மணிக்கு வந்தால் நான் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்ப்பேன். பெரும்பாலான வார்டுகளில் 38 டிகிரியை (100.4 ஃபாரன்ஹீட்) எட்டினால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

எந்த இடத்தில் அளப்பது சரி?

உடலின் உள் வெப்பத்துக்கு மிக நெருக்கமாகக் காட்டுவது ஆசனவாய். வாயைவிட அங்கே ஏறக்குறைய அரை டிகிரி கூடுதலாக இருக்கும். அக்குளில் வாயைவிட அரை டிகிரி குறைவாக இருக்கும். இவை தோராயக் கணக்குகள்தான், ஆளுக்கு ஆள் மாறும்.

வாயில் வைப்பதென்றால் நாக்குக்கு அடியில், பக்கவாட்டில் இருக்கும் குழியில் வைக்க வேண்டும். நாக்கின் நுனியில் வைத்தால் எண் குறைந்துதான் வரும். சூடாகவோ குளிர்ச்சியாகவோ எதையாவது குடித்திருந்தால் 15 முதல் 30 நிமிடம் பொறுங்கள். மூச்சுத் திணறலில் வாயால் மூச்சு விடுபவர், நினைவு மங்கியவர், வலிப்பு வரக்கூடியவர், சிறு குழந்தை ஆகியோருக்கு வாய் வேண்டாம். வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்த புற்றுநோயாளிக்கும், இரத்தக் கசிவு வாய்ப்பு உள்ளவருக்கும் ஆசனவாய் வழி கூடாது. சிறு கீறல் போதும், கிருமி உள்ளே போக.

அக்குளில் வைத்தால் வியர்வையைத் துடைத்துவிட்டு, முனை தோலோடு ஒட்டியிருக்கும்படி கையை மார்போடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். காதில் வைக்கும் கருவிக்குப் பெரியவருக்குக் காதுமடலை மேலும் பின்னுமாகவும், சிறு குழந்தைக்குக் கீழும் பின்னுமாகவும் இழுத்தால்தான் காதுக்குழாய் நேராகும். நெற்றியில் காட்டும் கருவி வேகமானது, கூட்டத்தைச் சலிக்க உதவும். ஆனால் வியர்த்த நெற்றியில் அது ஏமாற்றிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒரே நோயாளிக்கு ஒரே இடத்தில் பார்ப்பது. காலையில் அக்குள், மதியம் காது, இரவு நெற்றி என்று மாற்றிக்கொண்டே போனால், சார்ட்டில் ஏறி இறங்குவது காய்ச்சலா, இட மாற்றமா என்று யாருக்கும் தெரியாது.

அக்குளில் பார்த்ததோடு அரை டிகிரி கூட்டி எழுதலாமா?

வேண்டாம். கண்ட எண்ணை எழுதி, பக்கத்தில் ‘அக்குள்’ என்று குறியுங்கள். நீங்கள் கூட்டி எழுதியதை அறியாமல் அடுத்த ஷிஃப்டில் வருபவரும் கூட்டினால், இல்லாத காய்ச்சல் வந்துவிடும்.

உடல் தன் சூட்டை எப்படிக் காத்துக்கொள்கிறது?

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. உடல் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்ற இலக்கை வைத்திருப்பது அதுதான். தோலிலிருந்தும் உள்ளிருந்தும் வரும் செய்தியை அந்த இலக்கோடு ஒப்பிடும். உடல் சூடு இலக்கைத் தாண்டினால் தோலின் இரத்தக் குழாய்கள் விரியும், வியர்க்கும். இலக்கைவிடக் குறைந்தால் குழாய்கள் சுருங்கும், மயிர்க்கால்கள் சிலிர்க்கும், தசைகள் நடுங்கும். நடுக்கம் சாதாரண விஷயம் இல்லை. பலமாக நடுங்கும்போது உடலின் வெப்ப உற்பத்தி நான்கைந்து மடங்கு கூடும்.

வெப்பம் வெளியேறும் வழிகள் நான்கு. ஆடையில்லாமல் சாதாரண அறையில் இருக்கும் ஒருவரிடமிருந்து போகும் வெப்பத்தில் 60 சதவீதம் அளவுக்குக் கதிர்வீச்சாக, சுற்றியுள்ள சுவரையும் பொருள்களையும் நோக்கிப் போகிறது. காற்று அடித்துக்கொண்டு போவது கொஞ்சம். குளிர்ந்த மேசையைத் தொட்டுக்கொண்டிருப்பதால் போவது இன்னும் கொஞ்சம். மீதி, ஈரம் ஆவியாவதால். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது 0.58 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கவனியுங்கள், ஆவியானால்தான். காற்றில் ஈரப்பதம் நிறைந்திருந்தால் வியர்வை வழிந்து படுக்கையை நனைக்குமே தவிர உடம்பைக் குளிர்விக்காது. சுற்றிலும் இருக்கும் காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் முதல் மூன்று வழிகளும் திசை மாறி, வெப்பத்தை உள்ளே கொண்டுவரத் தொடங்கும்.

உடம்பு அனலாகக் கொதிக்கிறது, ஆனால் குளிருகிறது என்கிறாரே, ஏன்?

இந்தக் கேள்வி புரிந்துவிட்டால் காய்ச்சல் பராமரிப்பில் பாதி புரிந்த மாதிரி.

கிருமி நுழைந்ததும் நோய் எதிர்ப்புச் செல்கள் சில வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றின் தூண்டுதலில் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற பொருள் உண்டாகி, ஹைப்போதலாமஸின் இலக்கை மேலே தள்ளுகிறது. 37-இல் இருந்த இலக்கு 39.5 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் இன்னும் 37.5-இல் இருக்கிறது. மூளையின் கணக்கில் இரண்டு டிகிரி குறைவு. அதனால் உண்மையாகவே குளிர் அடித்தவர் போலக் கை கால் சில்லிட்டு, பல் கிட்டி, நடுங்குகிறார். இது ஏறும் கட்டம். இப்போது அவருக்குப் போர்வை வேண்டும். போர்வையைப் பிடுங்கிவிட்டு மின்விசிறியைத் திருப்பினால் இன்னும் பலமாக நடுங்கி, சூட்டையும் ஆக்சிஜன் செலவையும் கூட்டிக்கொள்வார்.

உடல் 39.5-ஐ எட்டியதும் நடுக்கம் நிற்கும். தோல் சிவந்து சூடாகும், வாய் உலரும், தலை வலிக்கும். இது நிலைத்த கட்டம். போர்வையைக் கழற்றி மெல்லிய துணியோடு விடலாம். குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உதட்டையும் வாயையும் கவனியுங்கள். இந்த நேரத்தில் வயதானவர்களுக்கு மனக்குழப்பம் வரலாம்.

மருந்தாலோ தானாகவோ இலக்கு மறுபடி 37-க்கு இறங்கும்போது உடலுக்குத் திடீரென்று சூடு மிச்சமாகிவிடுகிறது. வியர்த்துக் கொட்டும். இறங்கும் கட்டம் இது. உறவினர்கள் ‘அப்பாடா’ என்று மூச்சு விடும் நேரம். செவிலியர் கவனமாக இருக்க வேண்டிய நேரமும் இதுதான். குழாய்கள் விரிந்து, நீரும் வெளியேறுவதால் இரத்த அழுத்தம் இறங்கலாம். கழிப்பறைக்குத் தனியாக எழுந்து போகிறவர் தலைசுற்றி விழுவார். நனைந்த உடையை மாற்றுங்கள், உட்காரவைத்து நிதானித்த பிறகு எழுப்புங்கள்.

எனவே ‘போர்த்தலாமா கூடாதா’ என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: கை கால் சில்லென்று இருக்கிறதா, சூடாக இருக்கிறதா? தெர்மாமீட்டர் 39 காட்டினாலும் பாதம் சில்லிட்டிருந்தால் இன்னும் ஏறப்போகிறது என்று பொருள்.

வெப்பத்தாக்கமும் காய்ச்சல்தானே?

இல்லை, இரண்டையும் ஒன்றாக்கினால் உயிர் போகும். காய்ச்சலில் இலக்கு உயர்ந்திருக்கிறது, உடல் அதைப் பின்தொடர்கிறது. கட்டுப்பாடு கையில்தான் இருக்கிறது. அதனால்தான் சாதாரண தொற்றுக் காய்ச்சல் 41 டிகிரியைத் தாண்டுவது அரிது. வெப்பத்தாக்கத்தில் இலக்கு 37-இலேயே இருக்கிறது. சூட்டை வெளியேற்ற முடியாமல் உடல் தோற்றுவிட்டது. உள் வெப்பம் 40-ஐத் தாண்டி, கூடவே குழப்பம், தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் என்று மூளை தடுமாறினால் அது வெப்பத்தாக்கம். தோல் உலர்ந்திருந்தால்தான் என்று காத்திருக்காதீர்கள். வெயிலில் உழைத்து அல்லது ஓடி விழுந்தவருக்கு வியர்வை ஓடிக்கொண்டே இருக்கலாம்.

பாராசிட்டமால் வேலை செய்வது புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்து, உயர்ந்த இலக்கை இறக்குவதால். இலக்கே உயராத இடத்தில் அதற்கு வேலை இல்லை, ஏற்கனவே அடிவாங்கிய கல்லீரலுக்குச் சுமைதான். இங்கே தேவை உடனடிக் குளிர்விப்பு: குளிர்ந்த நீரில் கழுத்துவரை அமிழ்த்துவது மிக வேகமானது. அது முடியாவிட்டால் உடல் முழுக்க நீர் தெளித்து விசிறுவது, கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் பனிக்கட்டிப் பைகள் வைப்பது. அரை மணி நேரத்துக்குள் 39-ஐ ஒட்டி இறக்கப் பார்க்க வேண்டும். அங்கே நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அது பாட்டுக்கு இறங்கிக் குளிர் உடலாகிவிடும்.

மயக்க மருந்துகள் சிலவற்றால் சிலருக்கு வரும் வீரிய மிகைவெப்பமும் இந்த வகைதான். அதற்கு டான்ட்ரோலீன் என்ற தனி மருந்து இருக்கிறது.

காய்ச்சலுக்கு ஈரத்துணி போடலாமா?

வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் துடைப்பது சிலருக்கு இதமாக இருக்கும். நோயாளி கேட்டால், நடுங்காதவரை, செய்யலாம். ஆனால் அதுவே சிகிச்சை என்று நினைக்க வேண்டாம். இலக்கை இறக்காமல் தோலை மட்டும் குளிர்வித்தால் உடல் நடுங்கியாவது இழந்த சூட்டைத் திரும்பப் பிடித்துவிடும். குழந்தைகளை அழவைத்துக்கொண்டு ஒற்றி எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பனிக்கட்டி நீர் கூடாது. ஸ்பிரிட் தடவித் துடைக்கவே கூடாது. அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய்க் குழந்தைகளுக்கு நஞ்சாகியிருக்கிறது.

38 வந்ததும் பாராசிட்டமால் கொடுத்துவிட வேண்டுமா?

எண்ணுக்காக அல்ல, நோயாளியின் சிரமத்துக்காகக் கொடுக்கிறோம். 38.5 இருந்தும் விளையாடும் குழந்தையைப் பிடித்து உட்காரவைத்து மருந்து ஊட்ட வேண்டியதில்லை. காய்ச்சல் கிருமியோடு உடல் போடும் சண்டையின் ஒரு பகுதி. அதே சமயம் ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் உடலின் ஆக்சிஜன் தேவை 10 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. இதயம் பலவீனமானவர், நுரையீரல் நோயாளி, மூளையில் அடிபட்டவர் இந்தச் செலவைத் தாங்கமாட்டார்கள். அவர்களுக்குக் காய்ச்சலைக் கட்டுப்படுத்த வேண்டும்.

குழந்தைக்கு அளவு எடையை வைத்துத்தான்: ஒருமுறைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி. பெரியவருக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. மெலிந்தவர், கல்லீரல் நோயாளிக்கு அதற்கும் குறைவு. சளி மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கனவே கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். குழந்தைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் வேண்டாம். மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறி என்ற ஆபத்து உண்டு. மருந்து கொடுத்த நேரத்தைச் சார்ட்டில் எழுதுங்கள். அது இல்லாவிட்டால், இறங்கியது மருந்தாலா, நோய் குறைந்ததாலா என்று கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

காய்ச்சலில் வலிப்பு வந்தால்?

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வருகிறது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நிற்கும். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசரச் சிகிச்சை. காய்ச்சல் மருந்தை முந்திக்கொண்டு கொடுத்தால் வலிப்பைத் தடுக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அதை ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. பெற்றோரிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது. ‘நாம் மருந்து கொடுக்கத் தவறியதால்தான்’ என்ற குற்ற உணர்வோடு சிலர் இருப்பார்கள்.

மூன்று மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு 38 டிகிரி என்றால் காரணம் தேடிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

காய்ச்சலில் நாடி எவ்வளவு கூடலாம்?

ஒரு டிகிரிக்கு நிமிடத்துக்கு 10 துடிப்பு அளவில் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 39 டிகிரியில் நாடி 100 என்றால் ஒத்துப்போகிறது. 37.8-இல் 130 என்றால் காய்ச்சலுக்கு மேல் வேறு ஏதோ இருக்கிறது: நீரிழப்பு, இரத்தக் கசிவு, தொற்று இரத்தத்தில் பரவுவது. 40-இல் நாடி 80 என்றாலும் யோசிக்க வேண்டும். டைஃபாய்டில் இப்படி நாடி பின்தங்குவது உண்டு. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கும் நாடி ஏறாது.

எண்ணும்போது ஆள்காட்டி, நடுவிரல்களை வையுங்கள். கட்டைவிரலில் உங்கள் துடிப்பே உங்களுக்குக் கேட்கும். சீராக இருந்தால் 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கலாம். தாளம் தவறினால் முழு நிமிடம், அதுவும் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து.

மூச்சை உண்மையிலேயே ஒரு நிமிடம் எண்ண வேண்டுமா?

வேண்டும். இதில் என் பாவக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்த முதல் வருடம், ஓர் இரவு ஷிஃப்டில் எல்லாப் படுக்கைக்கும் மூச்சு ‘20’ என்று எழுதிக்கொண்டே போனேன். காலையில் சார்ட்டைப் பார்த்த மூத்த செவிலியர் திட்டவில்லை. ‘வார்டு முழுக்க ஒரே மூச்சாக விட்டிருக்கிறார்களே’ என்றார். அன்றிலிருந்து எண்ணுகிறேன்.

ஐந்து அளவுகளில் அதிகமாகக் கற்பனையில் எழுதப்படுவது இதுதான். நோயாளி மோசமாகப் போவதை முன்கூட்டியே காட்டுவதும் பெரும்பாலும் இதுதான். அழுத்தம் சரிவதற்குச் சில மணி நேரம் முன்பே மூச்சு ஏறத் தொடங்கியிருக்கும். எண்ணப்போகிறேன் என்று சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பார்த்து முடித்ததும் விரலை மணிக்கட்டிலேயே வைத்துக்கொண்டு மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ணுங்கள். எண்ணிக்கையோடு ஆழம், தாளம், கழுத்துத் தசை இழுக்கிறதா, ஒரு வாக்கியத்தை இடையில் நிறுத்தாமல் சொல்ல முடிகிறதா என்பதையும் பாருங்கள்.

இரத்த அழுத்தத்தில் அடிக்கடி நடக்கும் தவறு எது?

கஃப், அதாவது கையில் சுற்றும் காற்றுப் பட்டையின் அளவு. பருத்த கையில் சின்னக் கஃப் சுற்றினால் இல்லாத உயர் அழுத்தம் வரும். பெரிய கஃப் என்றால் குறைத்துக் காட்டும். காற்றுப் பையின் அகலம் கைச்சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். கை இதய மட்டத்தில் இருக்கட்டும். கீழே தொங்கினால் எண் கூடும். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, பேசவிடாமல் பாருங்கள். டயாலிசிஸுக்கான இணைப்பு உள்ள கையில் கஃப் கட்டவே கூடாது.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 காட்டினால் கவலை இல்லையா?

விரல் சில்லிட்டிருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும், கை நடுங்கினாலும் அதை நம்ப முடியாது. முதலில் அது காட்டும் நாடியும் நீங்கள் எண்ணிய நாடியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். புகையில் சிக்கி வந்தவருக்கு கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால் 98 என்றே பொய் சொல்லும். கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது 2020-இல் வந்த ஆய்வுக்குப் பிறகு பரவலாகப் பேசப்படுகிறது.

காய்ச்சலே இல்லை என்றால் தொற்றும் இல்லை என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. வயதானவரின் அடிப்படை வெப்பநிலையே குறைவு, இலக்கை உயர்த்தும் திறனும் மங்கியிருக்கும். நீண்டகாலப் பராமரிப்பில் உள்ள முதியவருக்கு 37.8 போதும், தொற்றைத் தேடத் தொடங்க. சில நேரம் அதுவும் இருக்காது. நேற்றுவரை தானே சாப்பிட்டவர் இன்று சாப்பிட மறுக்கிறார், பேச்சு குழறுகிறது, அவ்வளவுதான். ஸ்டீராய்டு எடுப்பவர், சிறுநீரகம் செயலிழந்தவர், பச்சிளம் குழந்தை ஆகியோரும் இப்படித்தான்.

கடுமையான தொற்றில் வெப்பநிலை இறங்கவும் செய்யும், அது கெட்ட அறிகுறி. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் உருவாக்கி 2017-இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையைப் பாருங்கள். 39.1-ஐ எட்டினால் இரண்டு மதிப்பெண். 35.0-க்கோ அதற்கும் கீழேயோ இறங்கினால் மூன்று. மூச்சு 25-ஐ எட்டினாலும் மூன்று. மொத்தம் ஐந்து வந்தால் அவசரமாக மருத்துவரை அழைக்க வேண்டும், ஏழு வந்தால் தீவிர சிகிச்சைக் குழுவையே கூப்பிட வேண்டும். சில்லிட்ட நோயாளியைக் ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த அட்டவணையைக் காட்டுவேன்.

கீமோதெரபி எடுத்து வெள்ளை அணுக்கள் குறைந்தவருக்குக் காய்ச்சல் மட்டுமே ஒரே அறிகுறியாக இருக்கலாம். சீழ் பிடிக்கக்கூட அணுக்கள் இருக்காது. ஒருமுறை 38.3 வந்தாலோ, 38 ஒரு மணி நேரம் நீடித்தாலோ, அங்கே கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும்.

பிறந்த குழந்தை ஏன் இவ்வளவு சீக்கிரம் சில்லிட்டுப்போகிறது?

எடைக்கு ஒப்பிட்டால் தோல் பரப்பு மிக அதிகம், தோலுக்கடியில் கொழுப்பு குறைவு, நனைந்த உடல். பச்சிளம் குழந்தையால் பெரியவர்போல நடுங்கிச் சூடுபிடிக்கவும் முடியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்கும். அதற்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் செலவாகும். அதனால்தான் சில்லிட்ட குழந்தைக்கு மூச்சு வேகமாவதும் சர்க்கரை இறங்குவதும் பின்னாலேயே வரும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இயல்பு 36.5 முதல் 37.5. பிறந்ததும் துடைக்க வேண்டும், ஈரத்துணியை எடுத்துவிட்டு உலர்ந்ததில் மூட வேண்டும், தலையை மூட வேண்டும், தாயின் மார்போடு தோல் படப் போட வேண்டும், குளியலை 24 மணி நேரம் தள்ளிவைக்க வேண்டும். தோலோடு தோல் வைக்கும் கங்காரு முறை 1978-இல் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் போதாத நிலையில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது. வேறு வழியில்லாமல் வந்த முறை, இன்று கருவிகள் நிறைந்த இடங்களிலும் நடக்கிறது.

தெர்மாமீட்டர் கையில் இல்லையா? புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பு என்றால் சரி. வயிறு சூடு, பாதம் சில்லென்றால் குளிரோடு போராடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சில்லென்றால் குழந்தை குளிர்ந்துவிட்டது.

அறுவைக்குப் பிறகு நடுங்குகிறார், தொற்றா?

முதல் சில மணி நேரத்தில் பெரும்பாலும் இல்லை. மயக்க மருந்து தோலின் குழாய்களை விரித்துவிடுவதால் நடுவில் இருந்த சூடு கை கால்களுக்குப் பரவி, முதல் மணி நேரத்திலேயே உள் வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். 36-க்குக் கீழ் போனால் இரத்தம் உறைவது தாமதமாகும், காயத்தில் தொற்று வாய்ப்பும் கூடும். வெதுவெதுப்பான காற்று ஊதும் போர்வை நல்லது. அறுவைக்கு முன்பே சூடுபடுத்திவைத்தால் இன்னும் நல்லது.

குளிரில் விறைத்தவரை எப்படிச் சூடாக்குவது?

35-க்குக் கீழ் குளிர் உடல், 32-க்குக் கீழ் நடுத்தரம், 28-க்குக் கீழ் கடுமை. சாதாரணக் கண்ணாடித் தெர்மாமீட்டர் 35-இலிருந்துதான் தொடங்கும். அது ‘35’ என்று காட்டினால் உள்ளே 30 கூட இருக்கலாம். குறைந்த அளவு காட்டும் கருவி வேண்டும். ஈர உடையைக் கழற்றி, முதலில் நெஞ்சையும் வயிற்றையும் சூடாக்குங்கள். கை கால்களைத் தேய்க்காதீர்கள். நோயாளியைப் புரட்டுவதும் தூக்குவதும் மெதுவாக இருக்கட்டும். விறைத்த இதயம் ஒரு குலுக்கலில் தாளம் தப்பிவிடும். நாடி கிடைக்கவில்லை என்று சட்டென்று சொல்லிவிடாமல் ஒரு நிமிடம் வரை தேடுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலேயே நடுக்கத்தை நிறுத்தினால் நிலைமை மோசமாகிறது என்று பொருள்.

எத்தனை மணிக்கொருமுறை பார்க்க வேண்டும்?

நிலையாக இருப்பவருக்கு நான்கு முதல் ஆறு மணிக்கொருமுறை என்பது பொதுவான வழக்கம். அறுவை முடிந்தவுடன் கால் மணிக்கொருமுறை. இரத்தம் ஏற்றும்போது, தொடங்கும் முன், தொடங்கி 15 நிமிடத்தில், முடிந்ததும் கட்டாயம். நடுவில் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறி 38-ஐத் தொட்டால் இரத்தத்தை நிறுத்தி, ஊசிவழியைத் திறந்தே வைத்து, மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

கருவி வினோதமான எண்ணைக் காட்டினால் என்ன செய்வது, எப்படித் தெரிவிப்பது?

முதலில் முகத்தைப் பாருங்கள், அப்புறம் கையால் மறுபடி எடுங்கள். எண் அப்படியே இருந்தால் ‘நோயாளி சரியில்லை, வந்து பாருங்கள்’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் தூக்கக் கலக்கத்தில் இருக்கலாம். முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டையும் சொல்லுங்கள். நான் சொல்லிக்கொடுக்கும் மாதிரி இது:

“ஆறாம் படுக்கை, வயிற்று அறுவை முடிந்து இரண்டாம் நாள். பத்து மணிக்கு மூச்சு 16, நாடி 84, அழுத்தம் 130/80. இப்போது இரண்டு மணிக்கு மூச்சு 26, நாடி 118, அழுத்தம் 100/60. அக்குளில் 35.8, காய்ச்சல் இல்லை. கூப்பிட்டால் பதில் சொல்கிறார், ஆனால் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. மாலையிலிருந்து சிறுநீர் குறைவு. இரத்தத்தில் தொற்று பரவுகிறதோ என்று சந்தேகப்படுகிறேன். இப்போதே வர முடியுமா? நீங்கள் வரும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.”